உஷார்! உங்கள் தளத்தின் சாவிக்கொத்து யார் இடுப்பில்?

இணையதளம் வைத்திருக்கிறீர்களா? இல்லை, மற்றவர்களுக்குக் கட்டிக்கொடுத்துப் பிழைக்கிறீர்களா? எதுவானாலும், மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தளத்தைக் கணினியில் திறந்து, வலது கிளிக் செய்து, பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். வந்து நிற்கும் எழுத்துக் காட்டில் ‘ஸ்கிரிப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். உங்கள் முகவரியிலிருந்து வராமல், வேறு யாருடைய முகவரியிலிருந்தோ வருகிற ஸ்கிரிப்ட் எத்தனை என்று விரல்விட்டு எண்ணுங்கள்.

அத்தனை பேரிடம் உங்கள் கடைச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

மிகைப்படுத்தவில்லை. ஒரு பக்கத்துக்குள் நுழைந்த ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தில் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம், வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் கார்டு எண்ணை நகலெடுத்து எங்கும் அனுப்பலாம். ‘இது நம்ம ஆள், இது வெளியாள்’ என்று பிரவுசர் பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் உள்ளே விட்டால் உங்கள் ஆள்தான்.

சமீபத்தில் தெரிந்தவர் ஒருவரின் பாத்திரக்கடைத் தளத்தை இப்படி எண்ணிப் பார்த்தேன். நாலே நாலு பக்கம்: முகப்பு, பொருள்கள், கடைக்கு வழி, தொலைபேசி எண். அதற்குப் பதினாலு வெளி ஸ்கிரிப்ட்.

“எதுக்குண்ணே இத்தனை?” என்றேன்.

“கட்டிக்கொடுத்த தம்பி போட்டது. நமக்கென்ன தெரியும்? நல்லாத்தானே ஓடுது?”

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பதினாலில் ஒன்பதாவதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலிஃபில் டாட் ஐஓ. ஊர் உலகமே அலறியடித்துக்கொண்டு பிய்த்தெறிந்த வரி, இங்கே மட்டும் மூலையில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஒரு வரி செய்த வேலை

குரோமில் ஓடுவது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் படுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பழைய பிரவுசருக்குத் தெரியாத வசதியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஒட்டுப்போடுவார்கள். அந்த ஒட்டுக்குப் பெயர்தான் பாலிஃபில். வருகிறவர் எந்தப் பிரவுசரில் வருகிறார் என்று பார்த்து, அவருக்கு வேண்டிய ஒட்டுகளை மட்டும் அனுப்பிய இலவசச் சேவை பாலிஃபில் டாட் ஐஓ. தளத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் சேர்த்துக்கொண்டன.

2024 பிப்ரவரியில் அந்த டொமைனும், நிரலை வைத்திருந்த கிட்ஹப் கணக்கும் ஃபன்நல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் அப்போதே எச்சரித்தார்: டொமைன் தன் கையில் இருந்ததில்லை, விற்பனையில் தனக்குப் பங்கில்லை, இந்த வரி உங்கள் தளத்தில் இருந்தால் உடனே எடுங்கள், இன்றைய தளங்களுக்கு இது தேவையே இல்லை. பலர் காதில் அது விழவில்லை. ஜூன் 25 அன்று சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் குட்டை உடைத்தது. அந்த ஒரு வரி வழியாக லட்சம் தளங்களுக்குள் நச்சு நிரல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நிரலின் சாமர்த்தியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் வருகிறவரைத்தான் அது குறிவைத்தது. அதிலும் குறிப்பிட்ட சில கருவிகளில், குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டும் விழித்துக்கொண்டது. வந்திருப்பவர் தளத்தின் நிர்வாகி என்று தெரிந்தால் கம்மென்று இருந்தது. வருகையைக் கணக்கெடுக்கும் கருவி பக்கத்தில் இருந்தால், கணக்கில் சிக்காமல் இருக்கக் கொஞ்சம் தாமதித்தது. கூகுளின் முகவரிபோல் தோன்றும்படி எழுத்துகளை மாற்றிப் பதிந்த ஒரு போலி முகவரி வழியாக, வந்தவரை விளையாட்டுச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிட்டது.

இதற்கு என்ன அர்த்தம்? வாடிக்கையாளர் ராத்திரி கைபேசியில் உங்கள் கடையைத் திறக்கிறார், சூதாட்டத் தளம் வருகிறது. மறுநாள் காலை போன் போட்டுச் சொல்கிறார். நீங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் நிர்வாகியாக நுழைந்து பார்க்கிறீர்கள். ஒரு குறையும் இல்லை. “உங்க போன்லதாங்க ஏதோ வைரஸ்” என்று நீங்களே அவரைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். திருடன் உங்களை வைத்தே சாட்சியைக் கலைக்கிறான்.

பிறகு டொமைனைப் பதிந்து கொடுத்த நேம்சீப் அதை முடக்கியது. கிளவுட்ஃப்ளேர் தன் வழியாகப் போகும் பக்கங்களில் அந்த வரியைப் பாதுகாப்பான நகலுக்குத் தானே திருப்பிவிட்டது. 2025 மே மாதம் அமெரிக்க நிதித்துறை ஃபன்நல் மீது தடையும் விதித்தது. ஆனாலும் கடைக்காரரின் பெயர் கெட்டது கெட்டதுதான். இந்தக் கதையில் எனக்கு வயிறு எரிவது ஒரு விஷயத்துக்கு: அந்த ஒட்டு யாருக்குமே தேவையில்லாத காலத்தில் இது நடந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்றே விடைகொடுத்துவிட்டது. நோயாளி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்தும் மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த மருந்தில்தான் விஷம் கலந்தார்கள்.

22 வரி, 2 கோடி பவுண்டு

‘என் கோப்பெல்லாம் என் சர்வரில்தான் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை’ என்பவருக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதை. 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை, அந்த விமான நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் வாங்கியவர்களின் கார்டு விவரம் கசிந்துகொண்டே இருந்தது. கதவு எது தெரியுமா? மாடர்னைசர் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. வந்திருக்கும் பிரவுசருக்கு எந்தெந்த வசதி தெரியும் என்று சோதிப்பது மட்டுமே அதன் வேலை. தளத்தில் இருந்த அந்தக் கோப்பை 2012 டிசம்பருக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை.

திருடர்கள் தொட்டார்கள். கோப்பின் அடியில் 22 வரி சேர்த்தார்கள். பணம் கட்டும் பட்டனை அழுத்திவிட்டு விரலை எடுத்தவுடன், படிவத்தில் இருப்பதையெல்லாம் அள்ளி, விமான நிறுவனத்தின் பெயரை ஒத்த ஒரு போலி முகவரிக்கு அனுப்பின அந்த வரிகள். பூட்டுப் படம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் போலி முகவரிக்குக் காசு கொடுத்துச் சான்றிதழ்கூட வாங்கியிருந்தார்கள். டிக்கெட்டும் ஒழுங்காகப் பதிவானது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டு, 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்டு அபராதம் போட்டது.

அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே ஏறக்குறைய ஆறு வருடம் ஒரு கோப்பு கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. உங்கள் தளத்தில் எத்தனை கிடக்கின்றன?

இரவலுக்கு மேல் இரவல்

மேலே சொன்னவை கண்ணுக்குத் தெரிகிற இரவல். தெரியாதது என்பிஎம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து வருகிறது. ஒரு கருவியை நிறுவினால் அது பத்தைக் கூட்டிவரும், அந்தப் பத்தும் நூறைக் கூட்டிவரும். கல்யாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் ஊரே வந்து பந்தியில் உட்கார்ந்த கதைதான். நிறுவி முடிந்ததும் அந்தக் கோப்புறையைத் திறந்து பெயர்களை எண்ணிப் பாருங்கள். அதில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்பேட் என்ற துண்டு நிரலை அதை எழுதியவரே கோபத்தில் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். 11 வரி நிரல். எழுத்துத் தொடருக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அது இல்லாமல் உலகம் முழுவதும் தளம் கட்டும் வேலைகள் மளமளவென்று நின்றுபோயின. 2018-ல் ஈவென்ட்ஸ்ட்ரீம் என்ற நிரலைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாதவர், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே வைத்தார்.

2025 செப்டம்பர் 8 இன்னும் பயங்கரம். பலகாலம் பொறுப்பாக நிரல் பராமரித்த ஒருவருக்கு, என்பிஎம் கிடங்கே அனுப்பியதுபோல் ஒரு மின்னஞ்சல்: உங்கள் இரட்டைப் பூட்டைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். அவர் நம்பிவிட்டார். அடுத்த சில மணி நேரத்தில் சாக், டீபக் உட்பட 18 நிரல்களில் விஷம் ஏறியது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் பதிவிறங்குகிறவை. அதே மாதம், ஒருவரின் கணக்கில் நுழைந்து அவர் வைத்திருக்கும் மற்ற நிரல்களுக்கும் தானே பரவுகிற ஷாய்-ஹுலூட் என்ற புழுவும் வந்தது.

இந்த நிரல்களின் சொந்தக்காரர்கள் யாரும் உங்களுக்கு எதிரி இல்லை. களைப்படைந்தவர்கள், கோபப்பட்டவர்கள், அவசரத்தில் ஒரு மின்னஞ்சலை நம்பியவர்கள். நம்மைப்போன்ற மனிதர்கள்தான். ஆகவேதான் சொல்கிறேன், நூறு மனிதர்களின் நிதானத்தின்மேல் உங்கள் கடையைக் கட்டாதீர்கள்.

‘லேசானது’ என்றால் பத்திரமானதா?

இந்த இடத்தில் தொழில் தெரிந்த தம்பி ஒருவர் சிரிப்பார். “அண்ணே, அதெல்லாம் தளம் கட்டப் பெரிய ஃப்ரேம்வொர்க், அதாவது ரெடிமேட் நிரல் சட்டகம், போடுறவங்க பாடு. நான் லேசானதுதான் போடுறேன்.” பெரியவற்றுக்கு அடி விழுவது உண்மைதான். ரியாக்ட் என்ற பெரிய நிரலின் சர்வர் பகுதியில் 2025 டிசம்பர் 3 அன்று வெளியான ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. சர்வரையே அந்நியன் ஆட்டிவைக்கலாம் என்ற நிலை. சில மணி நேரத்துக்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது.

லேசான ஃப்ரேம்வொர்க் நல்லதுதான், நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ப்ரியாக்ட் சுமார் 3 கேபி. எச்டிஎம்எக்ஸ் சுருக்கிய பிறகு 16 கேபி அளவு, வேறு எந்த நிரலையும் நம்பி நிற்பதில்லை. ஆனால் எடை குறைவு என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது, பதிப்பு எண். ஆல்பைன் என்ற லேசான நிரலைத் தொடங்க அதன் கையேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த முகவரியில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்: 3, ஒரு புள்ளி, எக்ஸ், ஒரு புள்ளி, எக்ஸ். ‘மூன்றாம் பதிப்பில் எது புதிதோ அதைக் கொடு’ என்று பொருள். கற்றுக்கொள்ள அது வசதி. நிஜத் தளத்தில் பதிப்பு எண்ணை முழுதாக எழுதச் சொல்லி அந்தக் கையேடே சொல்கிறது. நம்மில் பலர் மேல் வரியை நகலெடுத்த கையோடு கையேட்டை மூடிவிடுகிறோம். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு எதிர்காலத்துக்குக் கொடுத்ததற்குச் சமம் இது.

இரண்டாவது, காவலைத் தளர்த்துவது. எந்த இடத்திலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம், எந்த இடத்துக்குத் தகவல் போகலாம் என்று பிரவுசருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் உத்தரவு ஒன்று இருக்கிறது. தொழிலில் சிஎஸ்பி என்பார்கள். பக்கத்தின் குறிகளுக்குள் எழுதிய சொற்களை ஓடும்போதே நிரலாக மாற்றுவதால், ஆல்பைனின் வழக்கமான பதிப்பு அந்தக் காவலில் ஒரு கதவைத் திறந்துவைக்கக் கேட்கும். அதற்கென்றே கட்டுப்பாடான தனிப்பதிப்பும் வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்கள் காவலையே கழற்றிவிடுகிறார்கள். எச்டிஎம்எக்ஸிலோ சர்வர் அனுப்பும் குறிகள் அப்படியே பக்கத்தில் போய் உட்காரும். வாடிக்கையாளர் எழுதிய கருத்தைச் சுத்தம் செய்யாமல் அனுப்பினீர்கள் என்றால், கருத்துப் பெட்டியில் ஸ்கிரிப்ட் எழுதியவன் உங்கள் தளத்தை ஓட்டுவான்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பட்டறை. ஸ்வெல்ட் போன்றவை தரும் இறுதிக் கோப்பு சின்னதுதான். அதைச் செய்து தரும் பட்டறைக்குள் எத்தனை இரவல் நிரல் இருக்கிறது என்று எண்ணினீர்களா? மேலே சொன்ன செப்டம்பர் விஷம் ஏறியது அந்த மாதிரிப் பட்டறைச் சாமான்களில்தான்.

இன்னொன்று. எந்த ஃப்ரேம்வொர்க்குக்கும் ஆயுசு உண்டு. கூகுளின் பெயர் நிற்கிறதே என்று ஆங்குலர்ஜேஎஸ்ஸில் கட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2016-ல் வந்த அடுத்த ஆங்குலர் பழையதோடு பொருந்தவில்லை. 2021 டிசம்பர் 31-உடன் பழையதற்குப் பராமரிப்பும் முடிந்தது. கூகுளின் தயாரிப்புக்கே இந்த கதி என்றால், ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதித் தரும் லேசான நிரலுக்கு என்ன உத்தரவாதம்?

நம் எழுத்திலேயே பட்ட பாடு

நிலைத்து நிற்பது எது என்று கேட்டால், பலரும் கூடி ஒப்புக்கொண்ட தரம்தான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் வைத்த முதல் வலைப்பக்கத்தின் நகல் இன்று உங்கள் கைபேசியிலும் திறக்கும். எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாத வெறும் எச்டிஎம்எல். முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியும் ஒரு எழுத்து பிசகாமல் படிக்க முடிகிறது.

தரத்தைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஒரு பத்திரிகையைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த பத்திரிகைக்கு வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டேம், டேப் என்று இரண்டு குறியாக்கங்களை வகுத்தது. டிஸ்கி குறியாக்கம் ஒரு பக்கம், பாமினி எழுத்துரு இன்னொரு பக்கம். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பதற்குப் பதில் கோணல்மாணலான குறிகளும் ஆங்கில எழுத்துகளும் தெரியும். தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் வேறு இடத்தில் ஒட்டாது. இவ்வளவுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழ் இருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல்.

அந்த இடைவெளியில் எழுதப்பட்டவற்றில் எத்தனையோ இன்று மாற்றிக் கருவியின் உதவி இல்லாமல் படிக்க முடியாமல் கிடக்கின்றன. எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு அது வேகமாக வேலை செய்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. இன்றைக்கு ‘இந்த ஃப்ரேம்வொர்க்கில் சட்டென்று முடிந்துவிடும்’ என்று நாம் சொல்கிறோமே, அதே பேச்சுத்தான்.

தரம் என்ற பெயரைக் கேட்டதும் மயங்கவும் வேண்டாம். வரைவில் இருப்பது தரம் ஆகாது. 2017-ல் யூடியூப் தளத்தைப் பாலிமர் நிரல்மீது புதிதாகக் கட்டினார்கள். அது நம்பியிருந்த ஷேடோ டாம் என்ற வரைவின் முதல் வடிவம் குரோமில் மட்டுமே இருந்தது. மற்ற பிரவுசர்களுக்கு ஒட்டுப்போட வேண்டியிருந்ததால் அங்கே பக்கம் தள்ளாடியது. பிறகு குரோமே அந்தப் பழைய வடிவத்தைக் கைவிட்டது. எல்லாப் பிரவுசரும் ஏற்ற பிறகே கை வையுங்கள்.

வீட்டிலேயே இருக்கிறது, ஏன் இரவல்?

எல்லாப் பிரவுசரும் ஏற்றுக்கொண்ட வசதிகளே இன்று கொட்டிக் கிடக்கின்றன. கட்டம் கட்டமாகப் பக்கத்தை அடுக்க சிஎஸ்எஸ் கிரிட் 2017-லிருந்து இருக்கிறது. திரைமேல் எழும் பெட்டிக்கு ‘டயலாக்’ குறி 2022 மார்ச் முதல் எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் வேலை செய்கிறது. அழுத்தினால் விரியும் கேள்வி பதிலுக்கு ‘டீட்டெயில்ஸ்’ குறி, தேதி எடுக்க தேதிப் பெட்டி, படம் கண்ணில் படும்போது மட்டும் இறங்க ‘லோடிங்’ என்ற ஒரு சொல். பாத்திரக்கடைத் தளத்தின் பதினாலு ஸ்கிரிப்டில் பதினொன்று, பிரவுசர் சும்மா தரும் இவற்றைத்தான் இரவல் வாங்கிச் செய்துகொண்டிருந்தன. ஒரு சாயங்காலத்தில் எடுத்துப் போட்டோம். கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியவில்லை, தளம் சட்டென்று திறக்கிறது என்பதைத் தவிர.

ஒரு பட்டனை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பல தளங்களில் ‘வாங்கு’ என்று இருப்பது உண்மையில் பட்டன் இல்லை, ‘டிவ்’ என்ற வெற்றுப் பெட்டிக்குச் சாயம் பூசி, ஸ்கிரிப்ட் மாட்டியிருப்பார்கள். மவுஸ் வைத்திருப்பவருக்கு வேலை செய்யும். கீபோர்டில் டேப் விசையை அழுத்திப் போகிறவரின் கையில் அது அகப்படாது. பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லவே சொல்லாது. ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டால் எல்லாருக்குமே அது வெறும் படம்தான். ‘பட்டன்’ என்ற தரமான குறியைப் போட்டிருந்தால் விசையும், ஒலிப்பும் இலவசமாக வந்திருக்கும். அதைப் படிவத்துக்குள் வைத்திருந்தால், ஸ்கிரிப்ட் வராவிட்டாலும் ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஸ்கிரிப்ட் வராமல் போவது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டன் அரசின் தளத்தில் 2013-ல் எண்ணிப் பார்த்தார்கள். 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை. அதில் 0.2 விழுக்காட்டினரிடம்தான் வசதி இல்லை அல்லது அணைத்து வைத்திருந்தார்கள். மீதி 0.9 விழுக்காட்டினருக்கு வழியில் எங்கோ அறுந்துபோயிருந்தது. பேருந்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இனி சாக்குச் சொல்ல முடியாது. 2016-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்துவிட்டது. பட்டனைப் பட்டனாக எழுதாதது இனி வெறும் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்ளப்படாது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

வெளி முகவரியிலிருந்து வரும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இதை எடுத்தால் வாடிக்கையாளருக்கு என்ன குறையும்? பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஒரு நகல் தளத்தில் எடுத்துப் பாருங்கள். பாலிஃபில் டாட் ஐஓ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வேண்டியதை உங்கள் சர்வருக்கே இறக்கிக்கொள்ளுங்கள். பதிப்பு எண் முழுதாக இருக்கட்டும். ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லோ எக்ஸ் என்ற எழுத்தோ முகவரியில் கூடாது.

வெளியிலிருந்தே வர வேண்டியதற்கு ‘இன்டெக்ரிட்டி’ என்ற பண்பைச் சேருங்கள். கோப்பின் கைரேகையை நீங்கள் எழுதி வைக்கிறீர்கள். வருகிற கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பிரவுசர் அதை ஓட்டாது. பாலிஃபில் சேவை ஒவ்வொரு பிரவுசருக்கும் வேறு வேறு கோப்பு அனுப்பியதால் அதற்குக் கைரேகை வைக்கவே வழியில்லாமல் இருந்தது. கைரேகை வைக்க முடியாத ஸ்கிரிப்ட் என்றால் இரண்டு மடங்கு உஷார்.

சிஎஸ்பி உத்தரவை எழுதுங்கள், குறிப்பாகத் தகவல் எங்கே போகலாம் என்ற வரியை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி உங்கள் சொந்தக் கோப்பிலேயே கைவைத்தாலும், அள்ளியதை வெளியே கொண்டுபோகும் வழி சுருங்கும். சர்வரில் உள்ள கோப்பு மாறினால் உடனே உங்களுக்குத் தகவல் வரும்படி ஏற்பாடும் வேண்டும்.

என்பிஎம் பயன்படுத்தினால், பதிப்பு எண்களைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பை நிரலோடு சேர்த்தே வையுங்கள். நிறுவும்போது அதில் உள்ள பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். வெளியாகி ஓரிரு மணி நேரமே ஆன பதிப்பைப் பாய்ந்து எடுக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். ஏஐ எழுதிக் கொடுத்த நிரலில் புதுப்பெயர் இருந்தால் கிடங்கில் போய் அது யாருடையது, எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். இல்லாத பெயரை ஏஐ கற்பனையாகச் சொல்வதும், அந்தப் பெயரில் எவனாவது விஷத்தைப் பதிந்து வைத்துக் காத்திருப்பதும் சாத்தியம்.

கட்டி முடித்ததும் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒருமுறை, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை, உங்கள் தளத்தில் நீங்களே ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அங்கே உங்கள் வாடிக்கையாளரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

தளம் கட்டச் சொல்லிக் காசு கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “எப்போ முடியும், எவ்வளவு ஆகும்” என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்தாதீர்கள். “வெளியிலிருந்து எத்தனை ஸ்கிரிப்ட் வருது? ஒவ்வொண்ணும் யாரோடது? நீங்க போன பிறகு இதை யார் பார்த்துக்குவாங்க?” என்றும் கேளுங்கள். டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஃபில் கதையே ஒரு டொமைன் கைமாறியதில்தான் ஆரம்பித்தது.

பாத்திரக்கடைத் தளத்தில் இப்போது வெளியிலிருந்து வருவது ஒரே ஒரு ஸ்கிரிப்ட், கடைக்கு வழி காட்டும் வரைபடத்துக்கு. மற்ற இரண்டு அவருடைய சர்வரிலேயே இருக்கின்றன. அவர் அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார்.

உங்கள் தாளில் எத்தனை பெயர் வரும்? இன்று ராத்திரிக்குள் எண்ணிவிடுங்கள்.